தத்திக்குக் கிடைத்த பிறப்பிடம்: சப்ரகமுவத் தோட்டங்களும் பூச்சிப் பெயரீட்டின் சமூக வரலாறும்

பூச்சியொன்றைப் புதிய இனமென விவரித்து அதற்குப் பெயரிடுதல் விலங்கியலாரின் தொழில். அதில் இலக்கிய வரலாற்று மாணவன் ஒருவனுக்கு என்ன வேலை என்ற வினா எழுதல் இயல்பே. பெயரிடுதல் ஒரு மொழிச்செயல் என்பதும், எந்த மொழிச்செயலும் அதனைச் செய்வோரின் சமூக உறவுகளுக்குப் புறம்பாக நிகழ்வதில்லை என்பதும் இவ்வினாவுக்கு விடையாகலாம். எனினும், பொதுப்படையான இவ்விடையிலும் பார்க்க ஒரு சிறு காகிதத் துண்டிலிருந்து தொடங்குவது பயனுடையதாகும்.

1962 ஆம் ஆண்டு சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பெர் பிரிங்க், ஹூகோ அண்டர்சன், லெனார்ட் செடர்ஹோல்ம் ஆகிய மூவர் இலங்கைக்கு வந்து, தீவின் பல பாகங்களிலும் பூச்சிகளையும் பிற சிற்றுயிர்களையும் திரட்டிச் சென்றனர். சப்ரகமுவ மாகாணத்தில் அவர்கள் தங்கித் திரட்டிய இடங்களுள் ஒன்று குருவிட்டவைச் சேர்ந்த டியர்வுட். அங்கு பிடிபட்ட உயிரிகளுக்குரிய சீட்டிலே மாகாணத்தின் பெயர், ஊரின் பெயர், இரத்தினபுரியிலிருந்து வடவடமேற்கே 6 மைல் என்ற தொலைவு, ஆண்டு, திரட்டியோர் பெயர் ஆகியன காணப்படும். விரல் நகத்தளவான சீட்டுத்தான். ஆயினும் அது சட்டப் பெறுமானமுடைய ஆவணம். இத்தகைய சீட்டோடு கூடிய ஓர் உடலை முன்வைத்தே, இன்ன இனம் இவ்வுலகில் உண்டு, அது இன்ன இடத்தது என்று விஞ்ஞானம் ஏற்றுக்கொள்கிறது.

அப்பயணத்தார் கொண்டுசென்றவற்றுள் நெற்பயிரையும் புற்களையும் சாறுறிஞ்சி வாழும் தத்திகளும் இருந்தன. அவற்றை ஆராய்ந்து 1975 ஆம் ஆண்டு தனிக் கட்டுரையாக வெளியிட்டவர் ஆர். ஜி. ஃபென்னா. இலங்கைக்குரிய புதிய தத்தியினங்கள் அதிலே விவரிக்கப்பட்டன. திரட்டலுக்கும் வெளியீட்டுக்கும் இடையே 13 ஆண்டுகள். ஊசியிலும் அட்டையிலும் ஒட்டப்பட்டுப் பெட்டிகளிற் கிடந்த சில மில்லிமீற்றர் நீளமான உடல்கள் தம் பெயருக்காகக் காத்திருந்த இப்பதின்மூன்றாண்டுக் காலமே இக்கட்டுரையின் மையம். அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

முதலிற் செய்முறை பற்றிச் சில சொற்கள். இங்கு நாம் கருதும் தத்திகள் பின்னங்காலின் கீழ்ப்பகுதியில் அசையும் குதிமுள் ஒன்றையுடைய குடும்பத்தன. அக்குடும்பத்தை இம்முள்ளே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஓரினத்தை மற்றோரினத்திலிருந்து பிரித்தறிதல் எளிதன்று. நிறமும் சிறகும் ஏமாற்றுவன. ஒரே இனத்தில் நீண்ட சிறகுடையனவும் குறுஞ்சிறகுடையனவும் உண்டு. எனவே ஆண்பூச்சியின் பின்னுடலைக் காரநீரிலிட்டுத் தெளிவாக்கி, இனப்பெருக்க உறுப்புகளின் வடிவத்தை உருப்பெருக்கியின் கீழ் வரைதல் வேண்டும். முன்னர் அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டு வேறெனக் கண்டால் விவரணம் எழுதப்படும். ஓருடல் மூலமாதிரியாகக் குறிக்கப்பட்டு நூதனசாலையொன்றில் வைக்கப்படும். பெயர் இரு சொற்களால் ஆனது. அதன்பின் பெயரிட்டவர் பெயரும் ஆண்டும் வரும். முந்திய பெயரே வெல்லும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. லின்னேயசின் நூலினது பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758 ஆம் ஆண்டிலிருந்து இம்முன்னுரிமை கணக்கிடப்படுகிறது. ஒரே இனத்துக்கு இருவர் பெயரிட்டிருப்பின் பிந்தியது ஒருபொருட் பன்மொழியாகி ஒதுக்கப்படும். நிகண்டு பயின்ற நமக்கு இவ்விதி சற்று வியப்பூட்டும். நிகண்டிலே பல பெயர்களும் ஒருங்கே வாழும். இங்கோ ஒன்றே வாழும்.

தமிழ் உழவர் இதே பூச்சிக்கு இட்ட பெயர் வேறு வகையானது. நெல்லைத் தாக்கும் கபிலநிறத் தத்தியைத் தமிழகத்தார் புகையான் என்பர். வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் புகைபட்டது போலக் கருகி நிற்கும் தோற்றமே பெயருக்குக் காரணம். அதாவது, விளைவைக் கண்டு இட்ட பெயர். பயிர் போனவன் இட்ட பெயர். அதே பூச்சிக்குச் சுவீடனின் கார்ல் ஸ்டோல் 1854 ஆம் ஆண்டு யாவாவிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு இட்ட இனப்பெயர் லூஜென்ஸ். துயருறுவது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். பூச்சியின் நிறங்கருதி இடப்பட்டதாயினும், வயலைப் பார்த்த உழவனுக்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றியிருக்கும். அவனை யாரும் கேட்கவில்லை.

இலங்கையிலே பூச்சிகளை முறையாக விவரிக்கும் தொழில் பெருந்தோட்டங்களின் தேவையோடு பிணைந்தே வளர்ந்தது. கோப்பித் தோட்டக்காரரான ஜெர்மானியர் யோன் நீட்னர், 1861 ஆம் ஆண்டு கோப்பி மரத்தின் எதிரிகளைப் பற்றிக் கொழும்பில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் பெயரிட்ட இலைசுருட்டிப் புழுவின் பெயரிலே கோப்பி என்னும் சொல் ஏறியது. 1869 இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது. புழுவோ தேயிலையின் முதன்மையான பகைகளுள் ஒன்றாயிற்று. ஆயினும் முன்னுரிமை விதியின்படி இன்றும் அதன் விஞ்ஞானப் பெயர் ஹோமோனா கோப்பியாரியாவே. ஒரு பொருளாதார அமைப்பு மறைந்த பின்னும் அதன் சுவடு சொல்லிலே எஞ்சிநிற்கும் என்பதற்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு மொழியியலாருக்கும் கிடைத்தல் அரிது.

ஈ. ஏர்னெஸ்ட் கிரீன் இவ்வரலாற்றின் நடுநாயகர். பூண்டுலோயாவிலே தோட்டக்காரராயிருந்து பூச்சிகளைத் திரட்டியும் வரைந்தும் வந்தவர்; 1899 இல் இலங்கையின் முதலாவது அரசாங்கப் பூச்சியியலாளரானார். துருநோய்க்குத் தப்பிய கோப்பியை முடித்துவைத்த பச்சைச் செதிற்பூச்சியை 1889 இல் விவரித்தவரும் அவரே. அவர் அனுப்பிய திரட்டை ஆதாரமாகக் கொண்டு டபிள்யூ. எஃப். கேர்பி 1891 இல் இலண்டன் லின்னேயக் கழகத்தின் ஏட்டில் இலங்கை மூட்டுப்பூச்சி, தத்தி வகைகளின் பட்டியலை வெளியிட்டார். திரட்டு பெரும்பாலும் பூண்டுலோயாவில் அமைந்தது என்பதைத் தலைப்பே கூறும். அவ்விடப்பெயர் எழுத்து மாறாமல் தத்திப் பேரினம் ஒன்றின் பெயராகவும் நிலைத்துவிட்டது. உலகின் எந்த நூதனசாலையிலும் இன்று பூண்டுலோயா என்பது ஒரு பூச்சியின் பெயர்.

இக்கேர்பி பற்றி இலக்கிய மாணவர் அறியவேண்டிய செய்தியொன்றுண்டு. பின்லாந்து நாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தமைத்த கலேவலா என்னும் காவியத்தை மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1907 இல் வெளியிட்டவர் இவரே. பின்லாந்துக் குடியானவனின் பாட்டுக்குச் செவிசாய்த்த இவ்வறிஞரின் மேசைக்குப் பூண்டுலோயாவின் பூச்சிகள் வந்து சேர்ந்தன. அதே மலைகளிற் கொழுந்தெடுத்தோரின் பாட்டு வந்து சேரவில்லை. இதில் கேர்பியைக் குற்றங்கூற எதுவுமில்லை. எது திரட்டப்பட வேண்டும் என்பதைத் தீர்மானித்தது தனிமனித இரசனை அன்று. அனுப்புவோனின் வர்க்க நிலை. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்க, அம்மக்களிடையேயிருந்து சி. வி. வேலுப்பிள்ளை வரவேண்டியிருந்தது.

கேர்பியை அடுத்து, மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்ட மொராவியர் லியோபோல்ட் மெலிக்கர் 1903 இல் இலங்கையின் தத்திகள் உள்ளிட்ட வகுப்பைப் பற்றித் தனிநூல் ஒன்றைப் பேர்ளினில் வெளியிட்டார். டபிள்யூ. எல். டிஸ்ரன்ற், பிரித்தானிய இந்திய விலங்குகள் என்னும் வரிசையில் இவ்வகைப் பூச்சிகளுக்கென ஏழு தொகுதிகளை 1902 முதல் 1918 வரை எழுதினார். தோல் பதனிடும் தொழிலகத்தில் வேலைசெய்து ஓய்வுவேளையிற் பூச்சி பயின்ற இவர், 1906 இல் வெளிவந்த மூன்றாந் தொகுதியில் நீலபர்வத என்றொரு பேரினத்தை நிறுவினார். இலங்கையிலிருந்து கிரீன் அனுப்பிய தத்தியே அதன் அடிப்படை. நீலபர்வத கிரீனி என்று அதற்குப் பெயர். பின்னர் அது ஸ்டோலின் லூஜென்சே என்று தெளிந்தமையால் கிரீனி வழக்கொழிந்தது. பேரினப் பெயர் நிலைத்தது. ஆகவே ஆசியா முழுவதிலும் நெல்லை வாட்டும் பூச்சி இன்று வடமொழி மலைப்பெயர் ஒன்றையும் இலத்தீன் துயரச்சொல் ஒன்றையும் சேர்த்துச் சுமந்து திரிகிறது. கேர்கால்டி என்பவர் 1900 இல் மற்றொரு தத்திப் பேரினத்துக்குக் காளிதாச என்றே பெயரிட்டார். கீழைத்தேயவியலார் சமஸ்கிருதத்தின்மேல் ஏற்றிவைத்த மதிப்பு பூச்சிப்பெட்டி வரை இறங்கியிருந்தமைக்கு இது சான்று. காளிதாசனுக்கு இடமிருந்தது, கங்காணிக்கும் கொழுந்துக்கூடைக்கும் இடமிருக்கவில்லை.

இக்கேர்கால்டியின் பிற்கால வாழ்க்கை நமது விடயத்துக்கு மிக இயைபுடையது. அவர் ஹவாய்த் தீவுகளுக்குச் சென்று, கரும்புத் தோட்டக்காரர் சங்கத்தின் ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்தார். காரணம் தத்தி. கரும்பைக் கொல்வது எனப் பொருள்படும் இனப்பெயரோடு அவர் 1903 இல் விவரித்த தத்தி, ஹவாயின் கரும்புத் தோட்டங்களைப் பேரழிவுக்குள்ளாக்கியது. அச்சங்கத்தின் ஊதியம் பெற்ற பிரெடரிக் மியூர், அத்தத்தியின் முட்டைகளை உறிஞ்சும் சிறு மூட்டுப்பூச்சியொன்றை 1920 இல் அங்கு கொண்டுசென்று அதனை அடக்கினார். உலகத் தத்திகளின் வகைப்பாட்டுக்கு உறுதியான அடித்தளமிட்டவரும் அவரே. இலங்கைத் தத்திகளை ஆராய்ந்த ஃபென்னாவும் மேற்கிந்தியத் தீவுகளின் வேளாண்மைப் பூச்சியியலிற் பயின்று வந்தவர். சீன, யப்பானிய, பிலிப்பினோ ஒப்பந்தக் கூலிகள் ஹவாயிலும், இந்திய ஒப்பந்தக் கூலிகள் திரினிடாட்டிலும் கரும்பு வெட்டினர். தத்தியின் குதிமுள்ளைப் பற்றிய நுண்ணிய அறிவு அவர்களின் உழைப்பிற் பிறந்த உபரியைக்கொண்டு பேணப்பட்டது. அறிவு பொய்யன்று, அதன் செலவை யார் கொடுத்தார் என்பதே வினா.

சப்ரகமுவ இவ்வரலாற்றிலே பிந்தி வந்த பிரதேசம். மாகாணமாக அது அமைந்தது 1889 இல். கேகாலையின் குன்றுகளில் கோப்பி இருந்ததெனினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் பரவியபோதே பெருந்தோட்ட முதலாளித்துவம் இப்பிரதேசத்தை முற்றாகப் பற்றிக்கொண்டது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1912 இல் இரத்தினபுரியை எட்டியது. இரக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் தேயிலை. தாழ்ந்த மலைகளில் இறப்பர். பள்ளங்களில் சிங்களக் குடியானவரின் வயல். மலையகத்தின் உயர்ந்த பகுதிகளைப் போலத் தோட்டம் இங்கு தொடர்ந்த பரப்பாக அமையவில்லை. கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே ஓர் ஓடை, ஒரு வேலி, சில வேளைகளில் ஒரு வரம்பு மாத்திரமே. பால்வெட்டுக்குச் சிங்களக் கிராமத்தவரும் வந்தனர். இந்நெருக்கம் இணைப்பாகவும் அமையலாம், பகையாகவும் ஆக்கப்படலாம் என்பதைப் பின்வந்த வரலாறு காட்டும்.

தத்தி இவ்வெல்லையை அறியாது. நாம் கூறும் குடும்பத்துத் தத்திகள் பெரும்பாலும் புல்லினத்தையும் கோரையினத்தையும் சார்ந்தவை. தேயிலைத் தூர்களுக்கிடையே முளைத்த புல்லிலும் அவை உண்டு. வயலின் நெல்லிலும் உண்டு. மலையிலே புல்லு வெட்டும் தொழிலாளியும் பள்ளத்திலே களை பிடுங்கும் குடியானவளும் ஒரே குடும்பத்துப் பூச்சியைக் கண்டவர்களே. ஆனால் தோட்டத்துப் பூச்சியியல் தேயிலையையும் இறப்பரையும் நோக்கியே கண்வைத்தது. புல்லில் வாழும் பூச்சி எசமானின் இலாபத்தைத் தொடும்வரை அதனைத் தேடிவருவோர் நூதனசாலையார் மாத்திரமே.

பயிரைத் தின்னும் பூச்சிக்கும் மனிதனைத் தின்னும் பூச்சிக்குமிடையே அரசு காட்டிய வேறுபாடு 1934 - 35 இல் வெளிப்பட்டது. அனோபிலிசு குலிசிபாசிஸ் என 1901 இல் பெயரிடப்பட்ட நுளம்பு, மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கியபோது பெருகிற்று. மலேரியா பல்லாயிரவரைக் கொண்டுபோயிற்று. கேகாலை மாவட்டம் கடுமையாகத் தாக்குண்ட பகுதிகளுள் ஒன்று. சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தும் உணவும் சுமந்து அங்கு சென்றனர். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா 1936 இல் ருவன்வெல்லைத் தொகுதியில் வெற்றிபெற்றமைக்கு அப்பணி முக்கிய காரணம். இலங்கை இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றில் ஒரு நுளம்புக்கும் இடமுண்டு என்றால் அது நகைச்சுவை ஆகாது.

இனி அப்பதின்மூன்று ஆண்டுகளுக்கு வருவோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறப்பிடத்தை ஆவணத்தால் நிறுவும்படி கோரியது. இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ காட்டல் வேண்டும். லயத்திலே பிறந்து லயத்திலே இறந்த தலைமுறைகளுக்கு அத்தகைய கடதாசி எங்கிருந்து வரும்? தோட்டத்தின் பெரட்டுப் பதிவேட்டில் அவர்களின் நாட்சம்பளம் இருந்தது. பாட்டனின் பிறப்பு இல்லை. 1949 இன் இரு சட்டங்களும் வாக்குரிமையைப் பறித்து, குடியுரிமைக்குக் கடினமான விண்ணப்ப வழியொன்றை மட்டும் விட்டுவைத்தன. லுண்ட் பல்கலைக்கழகத்தார் குருவிட்டவில் வலைவீசிய 1962 இல், அம்மாகாணத் தோட்டங்களின் மக்களிற் பெரும்பாலோர் எந்நாட்டுக்கும் உரியவராயிருக்கவில்லை.

இரு ஆண்டுகளின் பின், 1964 ஒக்டோபர் 30 இல், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேரின் தலைவிதி அதிலே எண்ணப்பட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். அவர்களையும் 1974 இல் இரு நாடுகளும் 75,000 வீதம் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. லுண்ட் பெட்டிகளிலோ ஒவ்வோர் உடலுக்கும் தனிச்சீட்டு இருந்தது. ஒன்றும் எண்ணிக்கையாகப் பங்கிடப்படவில்லை. இவ்வொப்புமையை அலங்காரமாகக் கூறவில்லை. இரண்டும் வகைப்படுத்தும் செயல்கள். இரண்டுக்கும் பிறப்பிடம் அடிப்படை. ஒன்றிலே பிறந்த இடமே உரிமையின் சான்று. மற்றதிலே பிறந்த இடம் உரிமைக்குப் போதாதது.

இதே மாகாணத்தில் மூன்றாவது வகைப்படுத்தலும் நிகழ்ந்தது. நூதனசாலைகளின் அதிபராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல, சப்ரகமுவப் பகுதியிற் கிடைத்த தொல்மனித எலும்புகளை ஆதாரமாகக் கொண்டு 1950 களில் பலாங்கொடை மனிதன் என்னும் தனிக் கிளையினத்தை இலத்தீன் பெயரோடு விவரித்தார். குருவிட்டவைச் சேர்ந்த பட்டதொம்பக் குகை இம்மக்களின் வாழிடங்களுள் முக்கியமானது. அத்தொல்மனிதர் இன்றைய மனித இனமே என்பதால் அக்கிளையினப் பெயர் இன்று விஞ்ஞான வழக்கில் இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய எலும்பு பலாங்கொடைக்கு உரியதாயிற்று. அக்காலத்தே பலாங்கொடைத் தோட்டங்களிற் கொழுந்தெடுத்த கை எவ்விடத்துக்கும் உரியதாகவில்லை.

1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிகளையும், 1975 இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கின. ஏகாதிபத்திய மூலதனத்தின் வெளியேற்றம் என்ற வகையில் அது முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாடற்றவராய் இருந்தமையால் அந்நிலத்தைப் பண்படுத்தியோருக்கு அதிலே பங்கு கிடைக்கவில்லை என்பதையும் இடதுசாரிகளாகிய நாம் மறைத்தல் தகாது. இடதுசாரிக் கட்சிகள் அமைச்சரவையில் இருந்த காலம் அது. 1973 - 74 இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மரணங்கள் கூடின. சம்பளத்தை மட்டும் நம்பி, விதைப்பதற்கு ஓர் அடி நிலமும் இன்றி வாழ்ந்தோரையே பஞ்சம் முதலிற் பற்றியது. ஃபென்னாவின் கட்டுரை அச்சேறியதும் கம்பனித் தோட்டங்கள் கைமாறியதும் ஒரே ஆண்டில். 1977 இலும் 1981 ஆகத்திலும் இரத்தினபுரிப் பகுதித் தோட்ட மக்கள் தாக்கப்பட்டு வடக்கு நோக்கியும் கடல் கடந்தும் ஓடியபோது, அவர்கள் விட்டுச்சென்ற மலைகளின் தத்திகள் ஐரோப்பிய நூதனசாலைகளில் பெயரோடும் ஊரோடும் பாதுகாப்பாக இருந்தன.

இவ்வளவும் கூறியபின், பூச்சிப் பெயரீடு ஏகாதிபத்தியச் சடங்கேயன்றி வேறில்லை என்று முடிவுசெய்யத் தோன்றலாம். அம்முடிவு தவறானது. நமது நண்பர் சிலரிடையே பரவிவரும் விஞ்ஞான வெறுப்புக்கு அது தீனி போடும். சரியான பெயர் இல்லாதவிடத்து யார் நட்டப்படுகிறார் என்று பார்த்தல் வேண்டும்.

இரத்தினபுரியில் சென் யோக்கிம் தோட்டத்திலே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நாட்டுக் கிளை இருக்கிறது. தாழ்நாட்டு, இடைநாட்டுத் தேயிலையின் கொடிய பகை கிளைதுளைக்கும் சிறு வண்டு. பெண்வண்டு கிளையைக் குடைந்து உள்ளே பூஞ்சணம் வளர்க்கும். குஞ்சுகள் அப்பூஞ்சணத்தை உண்ணும். குடைவுற்ற கிளை முறிந்துவிழும். 1868 இல் ஐக்ஹோஃப் இலங்கையிலிருந்து விவரித்த இனமே இது என்று நூற்றாண்டுக்கு மேலாக நம்பப்பட்டது. கலிபோர்ணியாவிலும் இஸ்ரேலிலும் வெண்ணெய்ப்பழ மரங்களை அதே வண்டு அழிப்பதாகக் கருதப்பட்டபோது மரபணுக்கள் சோதிக்கப்பட்டன. ஒரு பெயரின் கீழ்ப் பல இனங்கள் மறைந்திருந்தமை வெளிப்பட்டது. 2019 இல் மூலமாதிரிகளோடு ஒப்பிட்டபோது, ஐக்ஹோஃபின் பெயர் வெண்ணெய்ப்பழ வண்டுக்கே உரியதென்றும், தேயிலை வண்டின் சரியான பெயர் 1951 இல் ஷெட்ல் இட்டதென்றும் தெளிந்தது. பழைய மூலமாதிரி நூதனசாலையில் இருந்திராவிடின் இத்தெளிவு கிட்டியிராது. இனந்தெரியாத பூச்சிக்கு எதிரி தேடவும் முடியாது. 1935 ஐ ஒட்டி யாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி கோப்பிப் பெயர்கொண்ட இலைசுருட்டியை அடக்கிவைத்திருந்தது. பின்னர் இவ்வண்டைக் கொல்லத் தெளித்த டீல்ட்ரின் அக்குளவியையும் கொன்றமையால் இலைசுருட்டி மீண்டும் பெருகிற்று. அந்நஞ்சைத் தெளித்தது யாருடைய கை, சுவாசித்தது யாருடைய நெஞ்சு என்பதைக் கூறவேண்டியதில்லை.

தத்தியின் கதையும் இதுவே. பசுமைப் புரட்சியின் குள்ள நெல், மிகுந்த உரம், மிகுந்த நஞ்சு ஆகியன சேர்ந்து, ஓரளவு பகையாயிருந்த கபிலத் தத்தியை 1970 களில் ஆசியாவின் பெரும்பகையாக்கின. சிலந்திகளும் பிற இயற்கை எதிரிகளும் நஞ்சால் அழிந்தமை முதற் காரணம். எதிர்ப்புத்திறன் உடையதென்று 1973 இல் பிலிப்பைன்சிலிருந்து வெளிவந்த ஐ. ஆர். 26 என்னும் நெல் சில ஆண்டுகளிலேயே தத்தியிடம் தோற்றது. இந்தோனேசியா 1986 இல் 57 பூச்சிநாசினிகளை நெல்லுக்குத் தடைசெய்த பின்னரே நிலைமை தணிந்தது. நீடித்த எதிர்ப்புத்திறனைத் தேடிய ஆய்வாளர் இலங்கை உழவரின் பழைய நெல்லான ரத்து ஹீனெட்டியிடம் வந்தனர். அதிலே கண்ட மரபணு இன்று உலகெங்கும் நெல் இனவிருத்தியிற் பயன்படுகிறது. குடியானவன் இட்ட பெயர் ஒன்று விஞ்ஞான இலக்கியத்தில் மாறாது நிலைத்த அரிய இடம் அது. அவன் இட்ட பெயர் நெல்லோடு சென்றது. தன் பெயர் செல்லவில்லை.

பெயர் ஏறுதல் முற்றிலும் இயலாததன்று. மூரின் இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலுக்கான ஓவியங்களை வரைந்த த அல்விஸ் குடும்பத்தார் அறியப்பட்டுள்ளனர். 1960 களின் இறுதியிலிருந்து இலங்கைப் பூச்சிகளைத் திரட்டிய அமெரிக்க சிமித்சோனியன் நிறுவனத்துக் கார்ல் குரொம்பைன், இரத்தினபுரி மாவட்டத்துக் கிலிமலைக் காட்டிலும் திரட்டினார். உடனுழைத்த கொழும்பு நூதனசாலை அலுவலர் பி. பி. கருணாரத்தினவின் பெயரைச் சீட்டுகளிற் பொறித்தார். ஓவியனும் நூதனசாலை அலுவலனும் சீட்டுக்குள் வந்துவிட்டனர். காட்டை வெட்டிப் பாதை போட்டு, பங்களாவில் விளக்கேற்றிய தொழிலாளியே வெளியில் நிற்கிறான். அம்மக்களில் எஞ்சியோருக்கு 1988 இன் 39 ஆம் இலக்கச் சட்டமும் 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டமும் பிரசாவுரிமை அளித்தன. முதற் சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையே 55 ஆண்டுகள்.

ஆய்வு மாணவர்க்கு ஒரு வேலை இங்கே காத்துக்கிடக்கிறது. பூச்சிச் சீட்டுகளில் வரும் இடங்களிற் பல தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்கள். அத்தோட்டங்களுக்குத் தொழிலாளர் இட்டு வழங்கிய தமிழ்ப்பெயர்கள் வேறு. ஆள் அனுப்பவும் தபால் சேர்க்கவும் அவை தேவைப்பட்டமையாலே பேர்குசனின் தோட்ட வழிகாட்டி நூல்கள் அவற்றையும் அச்சிட்டுவந்தன. நூதனசாலைச் சீட்டுகளையும் அவ்வழிகாட்டிகளையும் தோட்டங்களில் இன்றும் வாழும் முதியோரின் வாய்மொழியையும் அருகருகே வைத்து, சப்ரகமுவ மாகாணத்துக்கு மட்டுமேனும் ஒரு பட்டியல் ஆக்கலாம். முதல் நிரலில் பூச்சியின் பெயர். இரண்டாவதில் துரையின் தோட்டப்பெயர். மூன்றாவதில் அதே மலைக்குத் தொழிலாளர் இட்ட பெயர். குருவிட்டவிலிருந்து தொடங்கலாம்.